நாளைக்குப் போகாவிட்டால் என்ன கெடும்

கொடைக்கானல் ஏரிச்சாலையிலிருந்து சற்று மேலேறிப் போனால் வரும் ஒரு நடுத்தர ஹோட்டலில் ரிசப்ஷன் மேனேஜராக இருக்கிறேன். சேரும்போது சாவி எடுத்துக் கொடுக்கும் வேலைதான். வருடங்கள் போகப் போக எல்லாமே என் மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டன. வெந்நீர் வரவில்லை, டாக்ஸி வரவில்லை, ஜன்னலைத் திறந்து வைத்ததால் குரங்கு உள்ளே வந்து முறுக்குப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, பக்கத்து அறையில் பாட்டுச் சத்தம், எதுவானாலும் நான்தான். முதலாளி மதுரையில் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வருவார், ஒருநாளைக்குப் பத்துமுறை போன் செய்வார்.

எந்த வேலையை முதலில் செய்வது என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய தேவையும் வரவில்லை. யார் சத்தமாகக் கேட்கிறார்களோ அவர்களுடைய வேலை முதலில் நடக்கும். அதைத் திறமை என்றே நினைத்திருந்தேன். மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. கொடைக்கானலில் மழை புதிதில்லை. அன்று காலை எங்கள் ஹோட்டல் ஜீப்பை ஓட்டுகிற டிரைவர் பாதி வழியிலேயே திரும்பி வந்துவிட்டார். தலையில் போட்டிருந்த சாக்கை உதறிக்கொண்டே சொன்னார்.

"அக்கா, வத்தலக்குண்டு ரோட்ல பாறை உருண்டு கெடக்கு. பழனி ரோட்லயும் சவரிக்காட்டுக்குக் கீழ மண்ணு சரிஞ்சிருச்சாம். எந்தப் பக்கமும் வண்டி எறங்காது."

"எத்தனை நாளாகுமாம்?"

"மழை நின்னாத்தான் தெரியும்ங்கறாங்க."

அன்று ஹோட்டலில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப்பேர் அன்றைக்கே அறையைக் காலி செய்ய வேண்டியவர்கள். மத்தியானத்துக்குள் எல்லோரும் பெட்டியோடு ரிசப்ஷனில் நின்றார்கள். கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை விட்டு விட்டு ஓட்டினோம். போன் சிக்னல் வந்து வந்து போனது. எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள், அர்ஜென்ட். நான் போயே ஆகணும் மேடம், ரொம்ப அர்ஜென்ட். இத்தனை பேர் வாயிலிருந்து ஒரே சமயத்தில் கேட்டதும், அந்த வார்த்தைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது போல் இருந்தது.

சாயங்காலம் டிரைவர் இன்னொரு செய்தி கொண்டுவந்தார். பழனி ரோட்டில் சரிந்த மண்ணுக்கு மேலே ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு தடம் வெட்டியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் மழை விட்டிருந்தால், மூடுபனி இறங்குவதற்கு முன்னால், நடந்து அந்தப் பக்கம் போகலாம். பழனியில் அவருடைய மச்சான் ஜீப் வைத்திருக்கிறார். அவர் சரிவுக்கு அந்தப் பக்கம்வரை ஏறி வருவார்.

"ஒரு ஜீப்தானா?" என்று கேட்டேன்.

"மத்த வண்டியெல்லாம் பெரிய ஹோட்டல்காரங்க பேசி முடிச்சுட்டாங்கக்கா. இதுவே அவன் எனக்காக வாறான். ஒம்பது பேரு ஏத்தலாம்."

முப்பது பேரில் ஒன்பது பேர். என் உதவியாளரான இளம்பெண் மெதுவாகச் சொன்னாள், "சீட்டுக் குலுக்கிப் போட்டுருவோம் மேடம். யாரும் நம்மளக் குறை சொல்ல முடியாது."

அது நல்ல யோசனைதான். சமையல்காரரும் அதையே சொன்னார். நானும் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டுவிட்டேன். ஆனால் எனக்கு உள்ளே ஒரு அரிப்பு. இத்தனை பேரும் அர்ஜென்ட் என்று சொல்கிறார்களே, அது என்ன அர்ஜென்ட்? இத்தனை வருடம் கவுன்டரில் நின்று அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான். அதைப் பெரிய நியாய உணர்ச்சி என்று இப்போது நான் சொல்லிக்கொள்ள முடியாது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். பிளாஸ்கில் சுக்குக் காப்பி. ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்டேன். "நாளைக்குப் போகலைன்னா என்ன கெடும்?"

முதலில் வந்தது ஒரு புது ஜோடி. கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை, லீவு முடிகிறது, ஆபீசில் திட்டுவார்கள் என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் காப்பியை ஊற்றினேன். பெண் அவரைப் பார்த்துவிட்டு என்னிடம், "எனக்கு இன்னும் ரெண்டு நாள் இருந்தா நல்லாருக்கும்" என்றாள். மாப்பிள்ளை அவளைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து போகணும்னு சொன்ன?" "நீங்க சொன்னீங்க, நானும் சொன்னேன்." இருவரும் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

அப்போதே ஒன்று கவனித்தேன். கேட்டவுடன் வருகிற பதில் ஒன்று. நான் பேசாமல் இருந்தால், சற்றுக் கழித்து வருகிற பதில் வேறு. அந்த இரண்டாவது பதிலுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

ஒரு பையன், வேலைக்கு நேர்முகத் தேர்வு என்றான். வேறு தேதி கேட்டுப் பார்த்தாயா என்றேன். கேட்டிருக்கிறான், கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். அவனுக்கு இரண்டாவது பதில் எதுவும் இல்லை. முதலாவதே போதுமானதாக இருந்தது.

அடுத்து சென்னையிலிருந்து வந்த குடும்பம். புருஷன், பெண்டாட்டி, புருஷனுடைய அம்மா. நாளை மறுநாள் புதுவீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஐயர், சமையல், சொந்தக்காரர்கள் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. அவர்கள் எதற்கு இந்தச் சமயத்தில் மலைக்கு வந்தார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அந்த அம்மாவே சொல்லிவிட்டார்: "வீடு கட்டுற வேலையில ரெண்டு பேரும் மூஞ்சி கொடுத்துப் பேசறதில்ல. நான்தான் இழுத்துட்டு வந்தேன். பூஜையில அவங்க ரெண்டு பேரும் உக்காந்தா போதும். நான் இங்கயே இருந்துக்கறேன். மூணு வேளையும் யாரோ சமைச்சுப் போடறாங்க, இது எனக்கு எப்பக் கிடைக்கும்?" மகன் எவ்வளவோ சொல்லியும் அவர் அசையவில்லை.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. இருவரும் ரிடயர்டு ஆசிரியர்கள். கேள்வியைக் கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லக் கூச்சப்பட்டார்கள். பிறகு அவர், "வீட்ல நாய் கெடக்குங்க" என்றார். வாட்ச்மேன் ஒருநாளைக்கு மட்டும் ஜன்னல் வழியாகச் சாப்பாடு வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம். வீட்டைப் பூட்டி உள்ளே விட்டிருக்கிறார்கள். சாவி இவர்களிடம். அந்த அம்மா, "மனுசங்களுக்கே எடமில்லாதப்ப நாயிக்காகக் கேக்குறோம்னு நெனைக்காதீங்க" என்றார். நான் அப்படி நினைக்கவில்லை. உண்மையில் அன்று என்னைத் தலையைச் சொறிய வைத்த பதில் அதுதான். கேள்வி நான் போட்டது. அதற்கு நேரான பதில் அவர்களுடையது. நாளைக்குப் போகாவிட்டால் ஒரு உயிர் தண்ணீர் இல்லாமல் கிடக்கும். இதைவிடப் பெரிய பதில் வேண்டுமானால் நான் கேள்வியை மாற்ற வேண்டும்.

அலுவலகத் தோழிகளோடு சுற்றுலா வந்த ஒரு பெண், பத்து மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது மேடம். அத்தை நல்லாப் பாத்துக்குவாங்க" என்றாள். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எனக்குத்தான் ஆகும்" என்றாள்.

திருப்பூர்க்காரர் ஒருவர், பனியன் கம்பெனி வைத்திருப்பவர். வருடத்துக்கு மூன்று நான்கு முறை நண்பர்களோடு வருவார், மேல்மாடி அறைகள் முழுவதையும் எடுப்பார். அன்று காலையிலிருந்து அவருடைய குரல்தான் ரிசப்ஷனில் ஓங்கியிருந்தது. உட்கார்ந்ததும், "ஆர்டர் போயிருங்க" என்றார்.

நான் காத்திருந்தேன்.

"போகாது" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "தம்பி இருக்கான். பாத்துக்குவான்."

மறுபடி காத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழையில் ஒன்றும் தெரியவில்லை.

"அவன் நல்லாப் பாத்துக்கிட்டான்னு வைங்க. அப்புறம் நான் எதுக்குன்னு ஆயிரும்ல."

சொல்லிவிட்டு அவரே அதிர்ந்துபோன மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு, "எனக்கு சீட்டு வேண்டாங்க. ஆனா நான் சத்தம் போட்டதுக்கு ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கங்க" என்று எழுந்து போய்விட்டார்.

கடைசியில் ஒரு கணவனும் மனைவியும். அவர்களை நான் கூப்பிடவே தேவையில்லை என்றுதான் நினைத்தேன். காலையிலிருந்து அவர்கள் பெட்டியைக் கீழே கொண்டுவரவில்லை. அவர் வராந்தாவில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பனியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லோரிடமும் கேட்டாயிற்று, இவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று போனேன்.

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். அவர், "ஒண்ணும் அவசரமில்லம்மா. எல்லாரும் போகட்டும்" என்றார். நான் அங்கேயே நின்றேன். அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்குச் சாயந்தரம் மதுரையில டயாலிசிஸ். முந்தாநாள் பண்ணிக்கிட்டுத்தான் வந்தோம். மலை பாக்கணும்னு ஆசப்பட்டாரு."

"ஏங்க இதைக் காலையிலேயே சொல்லலை?"

அவர்தான் பதில் சொன்னார். "எங்க போனாலும் இதச் சொல்லித்தான் முன்னாடி போகவேண்டியிருக்கு. வரிசையில நின்னு ரொம்ப நாளாச்சும்மா. இங்கயாவது எல்லாரையும் மாதிரி இருப்போம்னு பாத்தேன்."

"நாளைக்குக் காலையில வெள்ளனே ரெடியா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சீட்டுக் குலுக்கியிருந்தால் அவர் தன் பெயரைக்கூடக் கொடுத்திருக்க மாட்டார். என் சாமர்த்தியத்தால் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி இல்லை. எல்லோரிடமும் கேட்பது என்று ஆரம்பித்துவிட்டதால் அவரிடமும் கேட்டேன்.

அவர்கள் இருவர், நேர்முகத் தேர்வுப் பையன், புதுவீட்டுக்காரர்கள் இருவர், ஆசிரியத் தம்பதி, குழந்தையை விட்டுவந்த பெண். எட்டுப் பேர். ஒன்பதாவது இடத்தை நோயாளி கால் நீட்டிக்கொள்ள விட்டுவிடலாம் என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது முதலாளியின் போன் வந்தது. சிக்னல் அறுந்து அறுந்து கேட்டது.

"திருப்பூர்க்காரரையும் அவர் ஆளுங்களையும் மொதல்ல அனுப்பிட்டியா?"

"இல்ல சார். அவரு இருக்காரு. பேசிட்டேன்."

"பேசிட்டியா? யாரக் கேட்டுப் பேசுன? நம்ம ரெகுலர் கஸ்டமர் அவரு."

"சார், நீங்க மதுரையில இருக்கீங்க. நான் இங்க இருக்கேன். நான் பாத்துக்குறேன்."

இப்படிப் பேசக்கூடியவள் இல்லை நான். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. கோபத்தில் வைத்தாரா, சிக்னல் போனதா என்று தெரியாமலே இருந்தேன்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. எங்கள் ஜீப்பில் எல்லோரையும் சரிவுவரை கொண்டுபோனோம். நானும் போனேன். சரிந்த மண் சாலையை முழுவதும் மூடிக் கீழே காப்பித் தோட்டத்துக்குள் இறங்கியிருந்தது. வேரோடு வந்த மரங்கள் அதில் குத்திட்டு நின்றன. அதன் நடுவில் காலடி அகலத்துக்கு ஒரு தடம். நோயாளியால் அதில் நடக்க முடியாது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார் டிரைவர். இரண்டு பக்கமும் மூங்கிலைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினார். சாலை வேலைக்காரர்கள் நான்கு பேர் தூக்க முன்வந்தார்கள்.

"பயப்படாம உக்காருங்கய்யா. ஆட்டம் ஆடாது" என்றார் அவர்களில் ஒருவர்.

"ஆடுனாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் நோயாளி.

அவருக்கு முன்னால் நேர்முகத் தேர்வுப் பையன் தன் ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தான். ஆசிரியத் தம்பதி கைகோத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஹார்ன் அடித்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம். அன்று மாலை மதுரையிலிருந்து அந்த அம்மா போன் செய்து, நேரத்துக்குப் போய்விட்டோம் என்று சொன்னார். நாயும் நலம் என்று பிறகு தெரிந்தது.

முதலாளி, சாலை திறந்த வாரம் வந்தார். கணக்கு வழக்கெல்லாம் பார்த்தார். அன்றைய போனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் ஏறும்போது, "அடுத்த தடவ எனக்கு மொதல்ல சொல்லிரு" என்றார். அவ்வளவுதான். திருப்பூர்க்காரர் இப்போதும் வருகிறார், தம்பியையும் கூட்டிக்கொண்டு.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். சாலை மூடிக் கிடந்த அந்த நாட்களில் புதிதாக யாரும் வரவில்லை. போன் அடிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறையாக எனக்கு உட்கார நேரம் கிடைத்தது. அந்தக் கேள்வி இன்னும் வாயிலேயே இருந்தது. அதை என் வேலைகளிடம் கேட்டுப் பார்த்தேன். இதை நாளைக்குச் செய்யாவிட்டால் என்ன கெடும்?

பால் வாங்காவிட்டால் காலையில் காப்பி இல்லை. டீசல் வாங்காவிட்டால் ஜெனரேட்டர் நின்றுவிடும். லாண்டரி போடாவிட்டால் விரிப்பு இல்லை. ஹோட்டல் வேலை ஒவ்வொன்றும் சட்சட்டென்று பதில் சொன்னது. பிறகு வீட்டு விஷயங்களுக்கு வந்தேன். என் மகளோடு நாளைக்குப் பேசாவிட்டால் என்ன கெடும்? ஒன்றும் கெடாது. நாளன்றைக்கு? அப்போதும் ஒன்றும் கெடாது. என் கணவரோடு? அவர் இங்கே ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. ஒரே வீட்டில் வேறு வேறு நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதிலும் நாளைக்குக் கெடுவதற்கு ஒன்றுமில்லை.

இது என்னைக் குடைந்தது. ஜீப்புக்கு அவ்வளவு சரியாக வேலை செய்த கேள்வி, வீட்டுக்குள் வந்ததும் எதையுமே கடைசிக்குத் தள்ளுகிறதே? மேல்மலையில் பூண்டி கிராமத்தில் என் சித்தி வீட்டில் பூண்டுக் கட்டுகளை அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டிருப்பார்கள். புகையில் மாதக்கணக்கில் தாங்கும். நாளைக்குக் கெடுமா என்று கேட்டால் கெடாதுதான். என்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான். எடுக்க மறந்துபோன கட்டை ஒருநாள் இறக்கி அமுக்கிப் பார்த்தால் தோல் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அது எந்த நாளில் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே கேள்வியை மாற்றினேன். இதை ஒரு வருடம் செய்யாமல் விட்டால்? உடனே பதில்கள் இடம் மாறின. லாண்டரியை நான் பார்க்காவிட்டால் வேறு யாராவது பார்ப்பார்கள். மகள் அப்போது பிளஸ் டூ. ஒரு வருடத்தில் அவள் இந்த வீட்டில் இருக்க மாட்டாள்.

செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்தேன். என் உதவியாளரிடம் சொன்னபோது அவள் பயந்தாள். "செக்-இன் டைம் மேடம் அது. நான் தனியாவா?" ஒரு வாரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு அவளிடமே விட்டுவிட்டேன். ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்து ஒருநாள் பெரிய கூச்சல். போன் வந்தது. "நீயே பாரு, முடியலைன்னா கூப்பிடு" என்றேன். அவள் மறுபடி கூப்பிடவில்லை. மறுநாள் கேட்டால், தன் சொந்தக்காரர் ஹோம்ஸ்டேக்கு ஒரு குடும்பத்தை அனுப்பிவைத்து, அவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடும் இங்கிருந்து கொடுத்துவிட்டிருக்கிறாள். எனக்கு அந்த வழி தோன்றியிருக்காது.

முதல் செவ்வாய்க்கிழமை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர் டீயோடு நின்றுகொண்டிருந்தார். "என்ன இவ்வளவு வெரசா வந்துட்ட? ஒடம்புக்கு முடியலையா?"

"சும்மாதான். அவ எங்க?"

"டியூஷன்."

மகளின் டியூஷன் எந்தெந்த நாள் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. செவ்வாயும் வியாழனும்தான். அவள் வந்ததும் சொன்னேன்.

"இனிமே இந்த ரெண்டு நாளும் நான் சாயங்காலம் வீட்ல இருப்பேன்."

"எதுக்கும்மா?"

"ஒன்கூட இருக்கத்தான்."

"நான் இருக்க மாட்டனே" என்றாள். கிண்டலில்லை. தகவலாகத்தான் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்கியம் என்று நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு நேரமும் ஒதுக்கியாயிற்று. அதற்கு என்னிடம் வர நேரமில்லை. நாள்களை மாற்றலாமா என்று கேட்டேன். மற்ற நாள்களில் அவளுக்கு ஆலயப் பாடகர் குழு, பிராக்டிகல், ஏதேதோ. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். டியூஷன் மூஞ்சிக்கல்லில். எங்கள் வீடு நாயுடுபுரத்தில். "வேணும்னா கூட்டிட்டு வர வா. நடந்து வரலாம். ஆனா உள்ள வந்து நிக்காத, ரோட்லயே நில்லு."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல்நாள் காதில் இயர்போனோடு வந்தாள். வீடுவரை அதைக் கழற்றவில்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். இரண்டாவது நாள் ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றினாள். டியூஷன் சார் கணக்கைப் போடும்போது முக்கால்வாசியை மனதுக்குள்ளேயே போட்டுவிடுகிறார் என்று குறைபட்டுக்கொண்டாள். ஒருநாள் சோளக்கதிர் வாங்கித் தின்றோம். ஒருநாள் ஒன்றுமே பேசவில்லை. அந்த நாள்களில் என்ன நடக்கிறது என்று எனக்கே புரியவில்லை. ஹோட்டலாக இருந்தால் இதற்குள் பத்து வேலை முடிந்திருக்கும் என்று தோன்றும். ஆனால் அடுத்தமுறை என்ன வரும் என்று பார்க்கும் ஆவலில் போவேன்.

தை மாதக் குளிரில் ஒரு வியாழக்கிழமை, ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது அவள் சொன்னாள்.

"அம்மா, பிசிக்ஸ் எழுதிருவேன். பாஸும் ஆயிருவேன். ஆனா இன்ஜினியரிங் வேண்டாம்."

கோயம்புத்தூரில் கல்லூரிவரை நாங்கள் பேசி முடித்திருந்தோம். நாங்கள் என்றால் நானும் அவரும்.

"வேற என்ன?"

"சட்டம்."

"நம்ம வீட்ல அதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அதுக்காகப் படிக்காம இருக்க முடியுமா?"

நான் காத்திருந்தேன். காத்திருந்தால் இன்னொரு பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். அது வந்தது.

"கோர்ட்ல ஒருத்தர் சொல்றத முழுசாக் கேட்டுட்டுத்தான் அடுத்தவங்க பேசணுமாம்மா. அது எனக்குப் பிடிச்சிருக்கு."

அந்த இடத்தில் தெருவிளக்கு எரியவில்லை. அது நல்லதாகப் போயிற்று, என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றேன். "ஒங்கிட்டதான் மொதல்ல" என்றாள்.

அவள் அப்பாவுக்கு அது லேசில் பிடிக்கவில்லை. வக்கீல் படிப்பு என்றால் பொய் சொல்லக் கற்றுக்கொள்வது என்று அவருக்கு ஒரு எண்ணம். இரண்டு மூன்று வாரம் வீட்டில் அதே பேச்சு. முடிவில் அவரே விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க அவளைக் கூட்டிக்கொண்டு போனார். இப்போது திருச்சியில் படிக்கிறாள். எல்லாத் தாளிலும் தேறுகிறாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடுமுறைக்கு வந்தால் படித்ததைப் பற்றி நிறுத்தாமல் பேசுகிறாள். அவளுடைய அப்பாவும் எதிர்வாதம் செய்வதற்காகவே பேப்பர் படிக்கிறார்.

அவள் போன பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை, பழக்கத்தில் ஹோட்டலிலிருந்து கிளம்பிவிட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது, கூட்டிக்கொண்டு வர யாருமில்லை என்று. திரும்பிப் போகலாமா என்று நினைத்தேன். உதவியாளர் நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள், நான் போனால் அவளுக்குத் தொந்தரவு. வீட்டுக்கு வந்தேன். என் கணவர் கேன்வாஸ் ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தார். பள்ளி விட்டு வந்ததும் அவர் தினமும் ஒரு சுற்று நடப்பார் என்பது தெரியும். எந்தப் பக்கம் நடப்பார் என்று தெரியாது.

"நானும் வரவா?"

ஏற இறங்கப் பார்த்தார். "செருப்ப மாத்திக்க" என்றார்.

அவர் நடை விளையாட்டு ஆசிரியரின் நடை. கொஞ்ச தூரத்திலேயே நான் பின்தங்கிவிட்டேன். "எதுக்கு இப்படிப் போறீங்க? அங்க என்ன சோலி கெடக்கு?" என்று கேட்டேன். நின்று, நான் வந்து சேர்ந்த பிறகு நடந்தார். பேச்சு எதையோ தொட்டு எங்கேயோ போயிற்று. நடுவில், தலைமையாசிரியர் பொறுப்பு தனக்கு ஒருமுறை வந்ததையும், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதையும் பேச்சுவாக்கில் சொன்னார்.

"எப்ப?"

"ஆச்சு, நாலஞ்சு வருசம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"அப்ப சீசன். நீ கவுன்டர்ல நின்ன."

குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னார். யாருக்கும் ஆசை வரக்கூடிய பதவி அது. இவர் ஏன் வேண்டாம் என்றார்? நாலைந்து வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியாத ஒன்று. மூச்சிரைக்க அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

"ஏன் வேண்டாம்னீங்க?"

"அது பெரிய கதை."

"சொல்லுங்க" என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.